சொந்த சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட்: இறையாண்மைப் பேச்சுக்கு நடுவே ஒரு மதிப்பீடு

2025 ஜூலையில், குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் ஊழியர்களால் தங்கள் மின்னஞ்சலையும் டீம்ஸையும் திறக்க முடியாமல் போயிற்று. ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்டுக்கு அந்த நிறுவனத்தில் ஏறத்தாழப் பாதிப் பங்கு இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மீது தடை விதித்தது. அதையொட்டி, அமெரிக்க நிறுவனமான மைக்ரோசாஃப்ட், இந்தியாவில் இயங்கும் இந்திய நிறுவனம் ஒன்றுக்கான சேவையை நிறுத்தியது. உரிமக் கட்டணம் முழுவதையும் செலுத்தியிருக்கிறோம் என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, சில நாட்களில் சேவை திரும்பியது. அந்தச் செய்திக்குப் பிறகு, அதுவரை கணினி ஆர்வலர்களின் பொழுதுபோக்காக மட்டும் கருதப்பட்ட சொந்த சர்வர் பற்றி, கணக்காளர்களும் பள்ளித் தாளாளர்களும்கூட விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படி விசாரிப்பவர்களிடம் பெரும்பாலும் முதலில் சொல்லப்படும் பெயர் நெக்ஸ்ட்கிளவுட். திருச்சியில் எங்கள் வீட்டுக்கும், நான் பணிபுரியும் ஒரு சிறு பதிப்பகத்துக்கும் சேர்த்து அதை ஒரே கணினியில் நிறுவி, பல பெரிய பதிப்புகளைக் கடந்து பயன்படுத்திவருகிறேன். அந்த அனுபவத்தின் அடிப்படையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை செய்யும் வேலையை நாமே நடத்தும் கணினியில் செய்துகொள்ள உதவும் மென்பொருள் இது. கோப்புகள், நாட்காட்டி, முகவரிகள், குறிப்புகள், அரட்டை, ஆவணத் திருத்தம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. 2010இல் ஃபிராங்க் கார்லிட்ஷெக் தொடங்கிய ஓன்கிளவுட் திட்டத்திலிருந்து, அவரும் முக்கிய நிரலாளர்கள் பலரும் வெளியேறி 2016 ஜூனில் பிரித்தெடுத்த கிளை இது. நிறுவனம் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் இருக்கிறது. சர்வரின் மூல நிரல், எவரும் மாற்றவும் பகிரவும் கிளை பிரிக்கவும் இடம் தரும் ஏஜிபிஎல் உரிமத்தின் கீழ் வெளியாகிறது. இலவசப் பதிப்பில் சில வசதிகளை ஒளித்துவைத்துக் கட்டணப் பதிப்பில் மட்டும் தரும் வழக்கம் இந்த நிறுவனத்திடம் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தத்தை விற்றுத்தான் சம்பாதிக்கிறது. தரவுத்தள மென்பொருளான ரெடிஸ் 2024 மார்ச்சில் தன் உரிமத்தை மாற்றியதையும், கோப்புச் சேமிப்பு மென்பொருளான மினையோ தன் இலவசப் பதிப்பிலிருந்து நிர்வாக இடைமுகத்தின் பெரும்பகுதியை 2025இல் நீக்கியதையும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஓன்கிளவுட்டை 2023இல் கைட்வொர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2016இல் பிரிந்துபோகும் உரிமையை அந்த உரிமம் தந்திராவிட்டால், இன்று இந்தப் பயனர்கள் அனைவரும் அந்த விற்பனையோடு சேர்ந்தே கைமாறியிருப்பார்கள்.

நிறுவுவதற்கு முன்பு எவ்வளவு பெரிய கணினி வேண்டும் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய சிறு கணினி, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய சரக்காகக் கிடைப்பது, எட்டு அல்லது பதினாறு ஜிபி நினைவகத்தோடு இருந்தால் பத்துப் பேர் கொண்ட குழுவுக்குத் தாராளமாகப் போதும். கணினி, சேமிப்புக்கு ஒரு எஸ்எஸ்டி, காப்பு நகலுக்குத் தனியாக ஒரு ஹார்டு டிஸ்க், சிறிய யுபிஎஸ் எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாயைத் தொடும். மின்செலவு குறைவுதான்: இத்தகைய கணினிகள் சும்மா இருக்கும்போது 10 முதல் 15 வாட் வரை இழுப்பதால், இரண்டு மாதத்துக்கு 15 முதல் 22 யூனிட் வரை ஆகும். கூகுளிடம் 2 டிபி இடத்துக்கு ஆண்டுக்கு 6,500 ரூபாய் கட்டும் குடும்பம், பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணி இதில் இறங்கக் கூடாது. நான்கைந்து ஆண்டில் கணக்குச் சரியாகும் என்று தாளில் வரும்; அதற்குள் ஒரு டிஸ்க் பழுதாகிவிடும். நம் உழைப்புக்கு விலை போட்டாலோ கணக்கு ஒருபோதும் சரியாகாது.

மென்பொருளை நிறுவும் வேலை முன்பு போல் இல்லை. வெப் சர்வர், பிஎச்பி, தரவுத்தளம், ரெடிஸ் என்று ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பி, கடைசியில் நிர்வாகப் பக்கம் காட்டும் மஞ்சள் எச்சரிக்கைகளைத் தீர்க்க இரவெல்லாம் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது ஆல்-இன்-ஒன் என்ற பெயரில் நிறுவனமே தரும் டாக்கர் தொகுப்பு (மென்பொருள்களைத் தனித்தனிப் பொதிகளாக இயக்கும் முறை டாக்கர்), இவை அனைத்தையும் பொருத்தி, ஆவணத் திருத்தியையும் போர்க் (Borg) என்ற காப்பு நகல் கருவியையும் சேர்த்தே நிறுவிவிடுகிறது. டாக்கர் பற்றி ஓரளவு தெரிந்தவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். தெரியாதவருக்கு அந்த ஒரு மாலை எங்கே முடியும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

உண்மையான தடை வீட்டு இணைய இணைப்பில்தான் இருக்கிறது. தமிழில் வரும் நிறுவல் வழிகாட்டிகள் பலவும் இதைத் தொடாமலே போய்விடுகின்றன. இந்தியாவில் வீடுகளுக்குத் தரப்படும் இணைப்புகள் பெரும்பாலும் சிஜிநாட் என்ற ஏற்பாட்டின் பின்னால் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து வரும் கோரிக்கை நம் வீட்டுக் கணினியை வந்தடைய வழியே இல்லை. எங்கள் இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தபோது, எடுத்தவர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார். மறுபடியும் விளக்கியதற்கு, மறுபடியும் அதையே சொன்னார். நிலையான ஐபி வேண்டுமென்றால் மாதம் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், சில திட்டங்களில் அதுவும் கிடையாது.

இதைத் தாண்டிவர மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. தன் தரவைத் தானே ஆளவேண்டும் என்று கிளம்பியவர் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறார் என்பதை இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே காட்டிவிடும். கிளவுட்ஃபிளேர் என்ற அமெரிக்க நிறுவனம் தன் சர்வர்கள் வழியாக வீட்டுக் கணினியை இணைத்துத் தரும் சுரங்கப்பாதை இலவசம், பத்து நிமிடத்தில் வேலை செய்யும். ஆனால் மறையாக்கம் அவர்களுடைய சர்வரில் அவிழ்க்கப்பட்டு, அங்கிருந்துதான் நம் வீட்டுக்கு வருகிறது. அமெரிக்க நிறுவனத்தை நம்ப மாட்டேன் என்று வீட்டில் சர்வர் வைத்தவர், வீட்டு வாசலில் அமெரிக்க நிறுவனம் ஒன்றையே காவலுக்கு வைத்ததாக ஆகிவிடுகிறது. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் பல மணி நேரம் தடுமாறியபோது, இவ்வழியில் வெளியுலகை எட்டிய வீட்டு சர்வர்களும் சேர்ந்தே மறைந்தன. நம் கருவிகளைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் இரண்டாவது வழி: கோப்புகள் நம் கருவிகளுக்கு இடையே மறையாக்கத்தோடு செல்கின்றன, ஆனால் எந்தக் கருவி யாருடையது என்ற முகவரிப் பட்டியலை அந்தக் கனடிய நிறுவனம் வைத்திருக்கிறது, அந்தப் பட்டியலையும் நாமே வைத்துக்கொள்ள ஹெட்ஸ்கேல் என்ற திறந்த மூல மாற்று இருக்கிறது. மூன்றாவது, வாடகைக்கு ஒரு சிறு மெய்நிகர் சர்வர் எடுத்து அதற்கும் வீட்டுக்கும் இடையே வயர்கார்டு என்ற மறையாக்க இணைப்பு போடுவது. இப்போது நாங்கள் பயன்படுத்துவது இதைத்தான். மறையாக்கம் வீட்டுக் கணினியில்தான் அவிழ்கிறது. வாடகை சர்வர் தரவுப் பொட்டலங்களைக் கடத்திவிடுவதோடு சரி.

இனி பொருளுக்கு வருகிறேன். கோப்பு ஒத்திசைவு, இந்த மென்பொருளின் மற்ற எல்லாப் பகுதிகளையும்விட ஒரு படி மேலே நிற்கிறது. சர்வரின் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு பயனரின் பெயரிலும் ஒரு கோப்புறை, அதற்குள் அவர் இட்ட அதே பெயர்களோடு, தமிழ்ப் பெயர்கள் உட்பட, சாதாரணக் கோப்புகளாக எல்லாம் கிடக்கின்றன. நாளைக்கே நெக்ஸ்ட்கிளவுட் என்ற நிறுவனம் இல்லாமல் போனாலும், தரவுத்தளம் சிதைந்தாலும், டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் நூலின் கையெழுத்துப் பிரதிகள் அப்படியே இருக்கும். போட்டிக்கு நிற்கும் சீஃபைல் வேகத்தில் இதை மிஞ்சுகிறது என்பது உண்மை. ஆனால் அது கோப்புகளைத் துண்டுகளாக உடைத்துத் தன் வடிவத்தில் சேமிப்பதால், அந்த மென்பொருளின் துணையில்லாமல் ஒரு கோப்பையும் படிக்க இயலாது. வேகத்தையா வெளியேறும் வழியையா என்று கேட்டால், பதிப்பகத்தின் இருபதாண்டுச் சேகரத்துக்கு இரண்டாவதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பழைய வடிவங்களை மீட்கும் வசதியும் நம்பத்தக்கதாக இருக்கிறது: மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் இறுதிப் பிரதியின் மேலேயே எழுதிவிட்டால், முந்தைய நாள் வடிவத்தைப் பக்கவாட்டுப் பட்டியிலிருந்து இரண்டு சொடுக்கில் திரும்பப் பெறலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸ் சர்வர்களில் பரவலாக உள்ள ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம் தருகிறது. ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் (உயிர்மெய்யின் துணைக்குறி, புள்ளி உட்பட) 3 பைட் எடுத்துக்கொள்வதால், ‘தமிழ்’ என்ற பெயருக்கே 15 பைட் போய்விடுகிறது. மொத்தத்தில் 85 குறிகள், அதாவது ஏறக்குறைய ஐம்பது எழுத்துகளோடு பெயர் முடிந்துவிட வேண்டும். விண்டோஸ் இதைப் பைட்டில் கணக்கிடுவதில்லை என்பதால், ஆசிரியர் பெயர், நூல் தலைப்பு, ‘மூன்றாம் மெய்ப்பு இறுதித் திருத்தத்துடன்’ என்ற விளக்கம் எல்லாவற்றையும் கோத்து நம்மவர்கள் வைக்கும் நீண்ட பெயர்களை அது மறுப்பின்றி ஏற்கும். அந்தக் கோப்பை ஒத்திசைக்க முயலும்போது மட்டும் சிவப்புக் குறி தோன்றும். பெயர் நீளம்தான் காரணம் என்று வாடிக்கையாகக் கணினி பயன்படுத்துபவருக்குத் தோன்றவே தோன்றாது. இது நெக்ஸ்ட்கிளவுட்டின் குற்றமில்லை. ஆனாலும், தமிழ்நாட்டில் ஓர் அலுவலகத்துக்கு இதை நிறுவித் தருபவர் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டிய செய்தி இது.

நாட்காட்டியும் முகவரிப் புத்தகமும் குறை சொல்ல இடமில்லாமல் வேலை செய்கின்றன. ஐஃபோனில் நேரடியாக இணைக்கலாம். ஆண்ட்ராய்டில் டேவ்எக்ஸ்5 என்ற செயலி இடையில் தேவை, அது திறந்த மூலச் செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டில் இலவசமாகக் கிடைக்கிறது.

கைபேசி என்று வந்துவிட்டால், சொந்த சர்வரின் எல்லை எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். 2024இல் கூகுள், நெக்ஸ்ட்கிளவுட்டின் ஆண்ட்ராய்டு செயலிக்கு இருந்த ‘எல்லாக் கோப்புகளையும் அணுகும்’ அனுமதியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பறித்தது. அதன் பிறகு பிளே ஸ்டோரிலிருந்து நிறுவியவர்களால் படங்களையும் காணொளிகளையும் மட்டுமே தானாகப் பதிவேற்ற முடிந்தது. மற்ற கோப்புகள் நின்றுபோயின. கூகுளின் சொந்த டிரைவ் செயலிக்கு இப்படி ஒரு நெருக்கடி வரவில்லை. பல மாதம் முறையிட்டும் பயனில்லாமல், 2025 மே மாதம் நெக்ஸ்ட்கிளவுட் பொதுவெளியில் எழுதிச் செய்தியாக்கிய பிறகுதான் கூகுள் அனுமதியைத் திருப்பித் தந்தது. எஃப்-டிராய்டிலிருந்து நிறுவியவர்களுக்கு இந்தத் தொல்லை ஏதும் இருக்கவில்லை. ஆனால் சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவப்படும் எல்லாச் செயலிகளின் நிரலாளர்களும் தங்களிடம் அடையாளத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதியை, 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கப்போவதாக 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தபோது, அது தங்கள் இருப்பையே அச்சுறுத்துவதாக எஃப்-டிராய்டு குழு எழுதியது. சர்வர் நம்முடையதாக இருந்தாலும், அதை எட்டும் கருவி நம்முடையதாக இல்லை. செயலியைப் பற்றிய என் சொந்தக் குறையையும் சொல்லிவிடுகிறேன்: படங்களைத் தானாகப் பதிவேற்றும் வசதியைக் கைபேசியின் பேட்டரிச் சேமிப்பு அமைப்பு அடிக்கடி உறங்க வைத்துவிடுகிறது. விதிவிலக்குத் தந்த பிறகும், வாரக்கடைசியில் ஒருமுறை செயலியைத் திறந்து சரிபார்க்காமல் நான் நம்புவதில்லை.

ஆவணத் திருத்தியாக வருவது, லிப்ரேஆபிஸை அடிப்படையாகக் கொண்ட கொலாபரா. இரண்டு பேர் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். கருத்துக் குறிப்பு இடலாம். வேர்டு கோப்புகளைத் திறந்து சேமிக்கலாம். பதிப்பகத்தின் பார்வையில் தொல்லை எழுத்துருவில் வருகிறது. விண்டோஸோடு வரும் லதா எழுத்துரு சர்வரில் இருக்காது; அதற்குப் பதிலாக ஆவணத் திருத்தி வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும்; எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் நகர்ந்து, 212 பக்க நூல் 219 பக்கமாகத் தெரியும். அச்சுக்குப் போகும் பக்க எண்ணிக்கையை இதில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வானவில், பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் தட்டச்சான கோப்புகள் இன்னும் மோசம்: உரிய எழுத்துரு இல்லாத சர்வரில் அவை லத்தீன் எழுத்துகளின் குப்பையாகத்தான் திறக்கும். நிர்வாகப் பக்கத்தில் கூடுதல் எழுத்துருக்களைப் பதிவேற்றும் வசதி இருக்கிறது, அதைச் செய்த பிறகு பெரும்பாலானவை சரியாயின. கட்டண எழுத்துரு என்றால் அதன் உரிமம் சர்வரில் நிறுவ இடம் தருகிறதா என்பதைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். இடைமுகத்தின் தமிழாக்கம் தன்னார்வலர்களின் உழைப்பு. எல்லாச் செயலிகளிலும் அது முழுமையடையவில்லை என்பதால், ஒரே திரையில் பாதிப் பட்டியல் தமிழிலும் மீதி ஆங்கிலத்திலும் தெரிவதைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படங்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மெமரீஸ் என்ற துணைச் செயலி நன்றாகவே முயல்கிறது. ஆனால் முகங்களை அடையாளம் காண்பதிலும் பல்லாயிரம் படங்களை விரல் நுனியில் உருட்டுவதிலும் இம்மிச் என்ற தனித் திறந்த மூல மென்பொருள் வெகுதூரம் முன்னே போய்விட்டது. 2025 அக்டோபரில் அதன் நிலையான பதிப்பும் வந்துவிட்டது. டாக் எனப்படும் காணொளி அழைப்பு, மூன்று நான்கு பேர் பேசப் போதுமானது. மின்னஞ்சல் சர்வரை வீட்டில் நடத்தும் எண்ணமே வேண்டாம். நாம் அனுப்பும் கடிதங்கள் பெறுபவரின் குப்பைப் பெட்டியில் போய் விழுவதைத் தடுக்கும் ஆற்றல் வீட்டு இணைப்புக்குக் கிடையாது. செயற்கை நுண்ணறிவுத் துணைவர்களையும் அண்மைப் பதிப்புகளில் சேர்த்திருக்கிறார்கள். மென்பொருள் திறந்ததா, பயிற்றுவித்த மாதிரி பொதுவில் கிடைக்கிறதா, பயிற்சிக்குப் பயன்பட்ட தரவு வெளிப்படையா என்ற மூன்று கேள்விகளை வைத்து ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறக்குறி இடுகிறார்கள். இந்தத் துறையில் நான் பார்த்த நேர்மையான முத்திரைகளில் இதுவும் ஒன்று. நம் சிறு கணினியில் அந்த மாதிரிகள் தவழ்கின்றன என்பது வேறு விஷயம்.

பராமரிப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று பெரிய பதிப்புகள் வெளியாகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓராண்டளவுதான் இலவசப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். ஒரு பெரிய பதிப்பைத் தாண்டி அடுத்ததற்கு நேரடியாகக் குதிக்க முடியாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். ஆகவே, நிறுவிவிட்டு ஈராண்டு மறந்திருந்தவர் திரும்பி வரும்போது ஒரு முழு விடுமுறை நாளை இதற்குக் கொடுக்க நேரிடும். பதிப்பு மாறிய பிறகு துணைச் செயலிகளில் ஏதாவது ஒன்று, புதியதற்கு இன்னும் தயாராகவில்லை என்று முடங்கிக் கிடப்பதும் வழக்கம். வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குக் குடிபோனவருக்குக் குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரைத் திட்டும் சுகம் போய்விடுவதைப் போல, இங்கே குறைகூற ஆளில்லை. டிஸ்க்கை முழுவதும் மறையாக்கம் செய்து வைத்தால் திருட்டுப் பயம் இல்லை. ஆனால் மின்தடைக்குப் பிறகு கணினி மீண்டும் எழும்போது, யாராவது கடவுச்சொல்லைத் தட்டும்வரை எல்லாம் உறங்கிக் கிடக்கும். கோடையில் மாலை நேர மின்வெட்டு வாடிக்கையாக உள்ள ஊரில், யுபிஎஸ் என்பது ஆடம்பரம் அல்ல.

இவ்வளவு தொல்லைகளோடும் இதை ஏன் வைத்திருக்கிறேன் என்ற கேள்விக்கு, மென்பொருளுக்கு வெளியே நடக்கும் விவாதத்தைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது. 2018இல் அமெரிக்கா இயற்றிய கிளவுட் சட்டம், அமெரிக்க நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தரவு உலகின் எந்த மூலையில் சேமிக்கப்பட்டிருந்தாலும், உரிய ஆணையின் பேரில் அதைக் கேட்டுப்பெற வழி செய்கிறது. 2025 ஜூனில் பிரெஞ்சு செனட் விசாரணையில், பிரெஞ்சு அரசின் இசைவில்லாமல் பிரெஞ்சுக் குடிமக்களின் தரவு அமெரிக்காவிடம் ஒருபோதும் தரப்படாது என்று உறுதி கூற முடியுமா என்று கேட்கப்பட்டபோது, மைக்ரோசாஃப்ட் பிரான்ஸின் சட்ட விவகார அதிகாரி, அப்படி உறுதியளிக்க முடியாது என்று உறுதிமொழியின் கீழ் சொன்னார். அப்படி நடந்ததில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு மே மாதம், அமெரிக்கத் தடைக்கு ஆளான பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத் தலைமை வழக்குரைஞர் கரீம் கான் தன் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் கணக்கை இழந்தார் என்ற செய்தி வந்தது. நீதிமன்றத்துக்கான சேவையை நிறுத்தவே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எது எப்படியோ, அந்த நீதிமன்றம் பின்னர் ஓப்பன்டெஸ்க் என்ற ஜெர்மானியத் தொகுப்புக்கு மாற முடிவு செய்தது. அதில் கோப்புகளுக்கான பகுதியாக இருப்பது நெக்ஸ்ட்கிளவுட்தான். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரேஆபிஸ், நெக்ஸ்ட்கிளவுட் ஆகியவற்றுக்கு மாற்றுவதாக 2024 ஏப்ரலில் அறிவித்து, அதை நடத்தியும் வருகிறது. முனிச் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்ததையும் மறந்துவிடக் கூடாது. ஆட்சி மாறினால் மென்பொருளும் மாறும்.

நம் நாட்டில் இதே விவாதம் வேறு உடையில் நடக்கிறது. 2025 இலையுதிர்காலத்தில் மத்திய அமைச்சர்கள் ஸோஹோவுக்கு மாறியதாக அறிவித்தார்கள்; கல்வி அமைச்சகம் தன் அதிகாரிகளை ஸோஹோ அலுவலகத் தொகுப்பைப் பயன்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. சென்னையிலும் தென்காசியிலும் வளர்ந்த நிறுவனம் என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு, எனக்கும் உண்டு. அமெரிக்கத் தடைப் பட்டியலுக்கு அஞ்சுபவருக்கு அது பொருத்தமான விடையும்கூட. ஆனால் ஸோஹோவின் மூல நிரல் மூடியதுதான், சர்வர் அவர்களுடையது, பிடிக்கவில்லை என்றால் அந்த மென்பொருளை எடுத்துக்கொண்டு வேறிடம் போக வழியில்லை. நிறுவனம் யாருடையது, சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, நிரல் திறந்ததா, நிர்வாகக் கடவுச்சொல் யார் கையில் இருக்கிறது ஆகிய நான்கும் வெவ்வேறு கேள்விகள். ‘டிஜிட்டல் இறையாண்மை’ என்று மேடைகளில் முழங்குபவர்கள் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு சிறு அலுவலகத்தின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவை கடைசி இரண்டும்தான்.

திறந்த மூலம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2019இல் ஈரான், சிரியா, கிரைமியா பகுதிகளில் இருந்த நிரலாளர்களின் கணக்குகளை அமெரிக்கத் தடைச் சட்டம் கருதி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் முடக்கியது. 2024 அக்டோபரில் லினக்ஸின் மையக் கூறான கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புள்ள சுமார் ஒரு டஜன் பேர் சட்ட இணக்கம் என்ற காரணத்தோடு நீக்கப்பட்டார்கள். மனிதர்களை வெளியே தள்ள இங்கேயும் முடிகிறது. ஆனால் அன்று பெயர் நீக்கப்பட்டவரின் கணினியில் ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் மறுநாளும் ஓடியது. நயாராவின் டீம்ஸ் ஓடவில்லை. நான் விலை கொடுத்து வாங்கும் வித்தியாசம் இவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை.

நம் அரசின் கையிலிருந்தும் சொந்த சர்வர் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று எண்ணிக்கொள்வதும் தவறு. நீதிமன்ற ஆணையோடு வருபவர்கள் வீட்டுக் கதவையும் தட்டலாம். வாடகை மெய்நிகர் சர்வர் எடுப்பவர்கள், 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அத்தகைய சேவை தருவோர் வாடிக்கையாளரின் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதை அறிந்தே எடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த அல்லது குடும்பத் தேவைக்காகத் தரவைக் கையாளும் தனிநபருக்குப் பொருந்தாது. ஆனால் பதிப்பகத்தின் சந்தாதாரர் முகவரிகளை அதே கணினியில் வைத்த நொடியிலேயே அந்த விலக்கு பதிப்பகத்துக்கு உதவாது. காப்பு நகல், அணுகல் கட்டுப்பாடு, கசிந்தால் தெரிவிக்கும் கடமை எல்லாம், சட்டத்தின் அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரும்போது, நம் தலையில் வந்து உட்காரும்.

யாருக்குப் பரிந்துரைக்கிறேன் என்றால், கோப்புகளும் நாட்காட்டியும் முதன்மைத் தேவையாக உள்ள, ஐந்து முதல் முப்பது பேர் கொண்ட அலுவலகம், அறக்கட்டளை, பள்ளி ஆகியவற்றுக்கு. நிர்வகிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைப்பேன். ஒருவர் மட்டும் கடவுச்சொல்லோடு இருந்து, அவர் வேலை மாறிப் போனாலோ படுத்துவிட்டாலோ, நயாராவுக்கு மைக்ரோசாஃப்ட் செய்ததை இங்கே அவர் ஒருவரே, எந்தத் தடைச் சட்டமும் இல்லாமல் செய்துவிடுவார். இரண்டு கணினிகளுக்கு இடையே ஒரு கோப்புறை ஒத்திசைந்தால் போதும் என்பவருக்கு சிங்க்திங் இதைவிட எளிது. வேகம் முக்கியம் என்பவர்கள், பிஎச்பியை விட்டு கோ என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட ஓப்பன்கிளவுட்டைப் பார்க்கலாம்; ஆனால் ஓன்கிளவுட்டிலிருந்து 2025இல்தான் அது கிளை பிரிந்தது என்பதால் துணைச் செயலிகள் அங்கே மிகக் குறைவு.

இரண்டாவது ஆள் கிடைக்காத அலுவலகங்கள், வீட்டில் நிறுவுவதற்குப் பதிலாக, ஹெட்ஸ்னர் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் நிர்வகித்துத் தரும் நெக்ஸ்ட்கிளவுட்டை வாடகைக்கு எடுப்பது நல்லது. சர்வர் ஐரோப்பாவில் இருப்பதால் இங்கிருந்து திறக்கும்போது பக்கங்கள் சற்றுத் தயங்கி வரும். பின்னணியில் நடக்கும் கோப்பு ஒத்திசைவில் அது உறுத்துவதில்லை. வெளியேற நினைக்கும் நாளில், டெஸ்க்டாப் செயலி ஏற்கெனவே இறக்கிவைத்திருக்கும் கோப்புகளையும், ஐசிஎஸ், விசிஎஃப் வடிவங்களில் ஏற்றுமதி செய்த நாட்காட்டிகளையும் முகவரிகளையும் வீட்டில் நிறுவிய அதே மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். பகிர்வு இணைப்புகளை மட்டும் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கும்.